சாமி வந்தவனைக் கங்காணியாக்கிய துரை

மேல் லயம்,
தேயிலைத் தோட்டம்,
தானா ராத்தா.
8.3.1981

அன்புள்ள மகன் முருகையாவுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி இருக்க வேண்டுமென்று நம் முனியாண்டியை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் என் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது, உன் அப்பாவுக்கு அளவு சரியாக இருக்கிறது, கழற்றவே மாட்டேன் என்கிறார். தேயிலை ஆலையில் அடுப்புப் பக்கம் வேலை செய்கிற மனிதருக்கு அங்கேயும் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால், மகன் வாங்கித் தந்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா என்கிறார். கோலா தெர்லாவில் உன் அக்கா சரோஜா சுகம், இந்த முறை முட்டைக்கோசு விலை போகவில்லையாம், லோரிக்காரனிடம் ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டிருக்கிறாள், மூன்று வேளையும் கோசுதான், வீடே அந்த வாடை. மழை விட்டபாடில்லை. நல்ல செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதை வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி. உன் அப்பா எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார், பிள்ளை அங்கே தனியாக இருக்கிறான், மனசு கஷ்டப்படும் என்றார். படட்டும் என்றேன். இங்கே ஒரு பிள்ளை பட்டுக்கொண்டிருக்கிறானே, அதற்கு மட்டும் யாரும் வருத்தப்பட வேண்டாமா.

உன் அண்ணன் நாகப்பனைத்தான் சொல்கிறேன். அவன் கங்காணி ஆனான் என்று கேட்டதும் நீ அங்கே கூட்டாளிகளுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அவன் எப்படிக் கங்காணி ஆனான் என்ற கதையை உனக்கு யாரும் எழுதவில்லை, எழுதியிருந்தால் அந்தத் தேத்தண்ணி உன் தொண்டையில் இறங்கியிருக்காது. பக்கிரிசாமி கங்காணி வயதாகிப் போய் வேலையை விட்டார் அல்லவா, அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து புதுத் துரை வந்து சேர்ந்தார். ஒருத்தன் நடையையும் குரலையும் பார்த்தே இவன் நாலு பேரை நடத்துவான், இவன் நடத்த மாட்டான் என்று சொல்லிவிடுகிற படிப்பை வெளிநாட்டில் படித்தவராம், ஆபீஸ் கிராணி சிவசாமி வாய் நிறையச் சொன்னார். அந்தப் படிப்புக்காரர் ஆடி மாதம் நம் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு வந்தார், மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். அன்றைக்கு வழக்கம்போல உன் அண்ணன்மேல் முனியாண்டி இறங்கினார். நீதான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாயே, வருஷம் முழுக்க வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன், பீடி வாசனைகூடப் பிடிக்காதவன், அன்று ஒரு நாள் சுருட்டைப் புகைத்துக்கொண்டு சாட்டையைச் சுழற்றி நின்றால் தோட்டமே நடுங்கும். தண்ணீர் கொண்டுவா என்றால் பத்துப் பேர் ஓடினார்கள், அண்ணன் தம்பி சண்டையில் பேசாமல் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கைகோக்கச் சொன்னார், கோத்தார்கள், பக்கிரிசாமி கங்காணிக்கே முதுகில் ஒரு சாட்டை விழுந்தது, அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த துரைக்கு என்ன தோன்றியது தெரியுமா. இவ்வளவு பெரிய தலைவனைப் போய் இத்தனை வருஷம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற கத்தியோடு மலைமேல் ஒளித்து வைத்திருக்கிறீர்களே என்று தோன்றியதாம். அடுத்த வாரமே அவனைக் கங்காணி ஆக்கினார்.

அன்றைக்கு ஆட்கள் கீழ்ப்படிந்தது நாகப்பனுக்கு இல்லை, அவன்மேல் வந்த சாமிக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லையா என்று சிவசாமி கிராணியிடமே போய்க் கேட்டேன். அதை எப்படி அம்மா இங்கிலீசில் சொல்றது, சொன்னா துரை சிரிப்பாரு லா என்கிறார். மாதக் கூலி பிடிக்கிறதென்றால் இங்கிலீசில் சொல்ல வருகிறது, இதற்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டுவிட்டு வந்தேன். இப்போது என்னைக் கண்டால் அந்த மனிதர் மோட்டார் சைக்கிளை வேகமாக விடுகிறார். நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா, சாமியே நமக்குக் கங்காணி, இனி என்ன குறை என்று குதித்தார்கள். முதல் மாதம் பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார்கள், ஒருத்திக்குப் புருஷன் குடியை விட வேண்டும், ஒருத்தனுக்குக் காணாமல் போன சேவல் எங்கே என்று தெரிய வேண்டும். இவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். இவன் வாயில் சாமியும் வரவில்லை, சத்தமும் வரவில்லை என்று கண்டுகொண்டதும் அப்படியே மாறிவிட்டார்கள். வேலைக்கு நேரம் கழித்து வருவது, கொழுந்து நிரையைப் பாதியில் விட்டுப் போவது, கேட்டால் இன்னிக்குச் சாமி லீவா கங்காணி என்று கிண்டல். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற கதையாகப் போய்விட்டது. அந்தப் பக்கம் துரை, இந்த ஆள் வேண்டுமென்றே தன் திறமையை மறைக்கிறான் என்று கோபிக்கிறாராம். இல்லாததை எங்கே போய் மறைப்பான் அவன்.

முருகையா, பக்கிரிசாமி கங்காணியை நினைத்துப் பார். காலையில் கத்த ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை கத்துவார், வீட்டுக்குப் போய் ஒரு சட்டிச் சோறு சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார், லயத்து வரிசை வீடுகளின் கோடி வரைக்கும் கேட்கும். அவருக்குக் கத்தினால் பசிக்கும். உன் அண்ணனுக்கு ஒருத்தரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. இதில் ஒருத்தன் ஒசத்தி, ஒருத்தன் மட்டம் என்று இல்லை, படைப்பு அப்படி. கவ்வாத்துக் கத்தியோடு இருந்தபோது அவன் எப்படி இருந்தான், மலைமேல் தனியாக நின்று செடிக்குச் செடி பார்த்து வெட்டுவான், வந்தால் பிள்ளைகளோடு விளையாடுவான், என்னிடம் வந்து அம்மா காரமாக ஏதாவது வை என்பான். இப்போது வயிறு எரிகிறது என்கிறான், சட்டை தோளில் தொங்குகிறது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினோம், டாக்டர் நல்ல மனிதர், பார்த்துவிட்டு வயிற்றில் புண் இருக்கிறது, மருந்து தருகிறேன், ஆனால் மனசில் என்ன சூசா, என்ன கஷ்டம் என்று கேட்டார். இவன் ஒன்றும் இல்லை டாக்டர் என்கிறான். பக்கத்தில் நின்ற உன் அண்ணி அம்சவல்லிதான், என்னைப் பேச விடுங்க டாக்டர், நான் சொல்றேன் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த வேலை உங்களுக்கு ஒத்துவரவில்லை, முடிந்தால் விடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அவரும் இங்கிலீசு படித்தவர்தான், அவருக்குப் புரிகிறது.

விடுகிறதாகத்தான் இருந்தான். தீபாவளி முடிந்த கையோடு துரையிடம் சொல்லிவிட்டுப் பழைய கத்தியை எடுக்கப் போவதாக என்னிடம் சொன்னான், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எத்தனை நாளைக்கு அப்புறம் சிரித்தான். அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. என்ன எழுதினாய் என்று உனக்கே தெரியும், இருந்தாலும் நான் திரும்ப எழுதுகிறேன், அம்மா கையால் எழுதினால் எப்படி இருக்கிறதென்று பார். கிள்ளானில் ரெங்கசாமி வீட்டுப் பெண் நவமணியை எனக்குப் பேசியிருக்கிறது, கல்யாணம் வைகாசியில், பெண் வீட்டில் என் அண்ணன் தோட்டத்துக்கே கங்காணி என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதைக் கேட்டுத்தான் அவர்கள் மதிப்பாகப் பேசினார்கள், அதனால் அண்ணே, என் மானத்தைக் காப்பாற்ற வைகாசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். இதுதானே எழுதினாய். நீ அங்கே பட்டறையில் சூப்பர்வைசர், உனக்குக் கீழே எத்தனையோ பேர், உன் சொந்தக் காலில் நிற்கிறவன். உன் மானத்தைத் தூக்கிக்கொண்டு போய் உன் அண்ணன் வயிற்றுப் புண்மேல் ஏன் வைத்தாய். அவன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, தம்பி கல்யாணம் ஆவட்டும்மா என்று மட்டும் சொன்னான், உனக்குச் சரி என்று எழுதிப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போனான். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்த பிள்ளை என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். போன மாதம் கோலாலம்பூர் பெரிய ஆபீசிலிருந்து ஆட்கள் தோட்டம் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் தன் தேர்வைக் காட்ட வேண்டும் என்று துரைக்கு ஆசை. முந்தின நாளே சிவசாமி கிராணியை அனுப்பி, கோயிலில் நின்ற மாதிரி நாளைக்குப் பெரட்டில் நிற்க வேண்டும், அந்தக் குரல் எங்கே போனது, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் பார்க்கட்டும் என்றுதானே உன் அண்ணன் மனசுக்குள் கும்பிட்டிருப்பான், உன் கடிதம் இல்லாமலிருந்தால். மறுநாள் காலையில் பனி விலகவில்லை, நாங்கள் எல்லாரும் கூடையோடு நிற்கிறோம், எதிரே துரையும் வந்தவர்களும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னாலிருந்து இளவட்டங்கள் சாமி வருது, வழி விடுங்க என்று சிரிக்கிறார்கள். உன் அண்ணன் கண்ணை மூடினான். ஒரு கத்துக் கத்தினான் பார், கோயிலில் கத்துகிற அதே கத்து. சிரித்தவன் எல்லாம் அப்படியே அடங்கிப்போனான். பெண்கள் கூடையை இறக்கி வைத்துக் கையைக் கூப்பினார்கள், ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். துரை பக்கத்து ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் சொன்னேனில்லையா என்கிற மாதிரி.

அப்போது நம் லயத்து மாரியம்மா ஓடி வந்து ஈர மண்ணில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் மகளுக்கு எத்தனையோ தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிற்று, இப்போது அந்தப் பெண் திரும்ப முழுகாமல் இருக்கிறாள். "சாமி, இந்தத் தடவயாச்சும் எம்மவ வயித்துல தங்குமா, ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்று அழுகிறாள். அவன் கண்ணைத் திறந்தான். முருகையா, நிஜமாகச் சாமி வந்தால் அவனுக்கு என்னைத் தெரியாது, பெற்றவள் என்று தெரியாது, எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், என் நெற்றியில் விபூதி பூசும்போதுகூட யாரோ பூசுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அவன் கண்ணைத் திறந்ததும் கூட்டத்தில் என்னைத்தான் தேடினான். தேடிப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு உயிரே இல்லை. தங்கும் என்று சொன்னால் சாமி பெயரில் பொய், சொல்லாவிட்டால் தங்காது என்று அர்த்தம் ஆகிவிடும், வாய் பிளந்தபடி நிற்கிறான். நான் கூடையைப் போட்டுவிட்டு முன்னால் போனேன். "எந்திரி மாரியம்மா, இது சாமி இல்ல, எம்மவன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. மாரியம்மா எழுந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

துரையிடமும் போனேன், விடுவேனா. எனக்குத் தெரிந்த மலாயில், துவான், அன்றைக்குக் கோயிலில் நீங்கள் பார்த்தது என் மகன் இல்லை, இந்தத் தோட்டத்துச் சாமி, சாமியை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுக்க உங்களால் முடியாது, என் மகனை என்னிடம் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டி பாகுஸ், பாகுஸ் என்கிறார், நல்லது நல்லது என்று. மகனுக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தேன் என்று நினைத்துவிட்டார். ஆளைப் பார்த்ததும் அறிந்துகொள்கிற படிப்பு இதுதானாம். சாலையெல்லாம் திட்டிக்கொண்டே மலைக்குப் போனேன்.

அன்றிலிருந்து தோட்டத்தில் இரண்டு கட்சி. சாமியை விளையாட்டாக்கிவிட்டான் என்று உன் அண்ணனை ஏசுகிறவர்கள் பாதி, சாமி வந்தவனைச் சாமி இல்லை என்று சொன்ன வாய் அழுகிப்போகும் என்று என்னை ஏசுகிறவர்கள் பாதி. எனக்கு ஒன்றும் இல்லை, இந்த வாய் எத்தனையோ பார்த்தது. அவன்தான் வெள்ளிக்கிழமை கோயில் பக்கமே போவதில்லை. அம்சவல்லி கூப்பிட்டால், எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்கிறான். மாரியம்மா மகள் இதுவரை நன்றாக இருக்கிறாள், முனியாண்டி புண்ணியத்தில் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், நான் தினமும் விளக்குப் போட்டு வேண்டுகிறேன். அவளுக்காக மட்டும் வேண்டவில்லை, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உன் அண்ணன் அதையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வான், அப்புறம் அவனை நாம் பார்க்க முடியாது. இவ்வளவுக்கும் அப்புறம் இன்றைக்கும் காலையில் பெரட்டுக்குப் போயிருக்கிறான். துரை பாராட்டி, இனி மாதம் ஒருமுறை அப்படி நில்லு என்று கிராணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். விட்டுடு ராசா என்று நான் சொன்னேன், உன் அப்பா சொன்னார், கங்காணிக்கென்று கொடுத்த குழாய் வைத்த வீடு போய்விடுமே என்று நினைக்கிறாயோ என்று அம்சவல்லியிடம் கேட்டால், அந்தப் பெண், "வீட்டுக்குள்ள கொழாய் போனா போவுது அத்த, எனக்கு ஆளு வேணும்" என்கிறாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. தம்பிக்கு வாக்குக் கொடுத்துட்டேன் என்கிறான். இத்தனை பேர் சொல்லி அவிழாத முடிச்சு உன் கையில் இருக்கிறது.

நவமணி நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், படத்தில் பார்த்தால் கண்ணில் ஒரு தெளிவு இருக்கிறது, அவள் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் கங்காணி தம்பிக்குத்தான் பெண், கவ்வாத்து வெட்டுகிறவன் தம்பிக்கு இல்லை என்று ரெங்கசாமி சொல்வாரானால், அந்தச் சம்பந்தம் போனால் போகட்டும், என் பிள்ளைக்குப் பெண் கிடைக்காமல் போகாது. அப்படிச் சொல்ல மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவர். நீயே நேரில் போய் உள்ளதைச் சொல்லு, அடுத்தவர் வாயால் போக வேண்டாம். உன்னிடம் இன்னொன்றும் கேட்கிறேன். உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் உண்டு, ஆளை வேலை வாங்கத் தெரியும், கத்தினாலும் மறுநிமிஷம் மறந்துவிட்டுச் சிரிப்பாய், அந்த வேலை உனக்குப் பொருந்தும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உனக்குக் கீழே உன் அண்ணனைப் போல ஒருத்தன் கட்டாயம் இருப்பான், பேசாமல் வேலை செய்துவிட்டுப் பேசாமல் போகிறவன். அவனை நல்லவன் என்று சொல்லி நாலு பேருக்கு முன்னால் தூக்கி நிறுத்தாதே, அவனுக்கு எது வருமோ அதில் விடு. அப்படி நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, உடம்புச் சூடு ஆகாது. கடைச் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம், முடிந்தால் ரசம் வைத்துக்கொள். நான் கோபமாக எழுதினேன் என்று மனசில் வைத்துக்கொள்ளாதே, வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதியதில் ஒரு வார்த்தையும் எடுக்க மாட்டேன். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும், நினைத்த பெண்ணோடு நிறைந்த வாழ்வு வாழ வேண்டும், அப்பாவும் நானும் எப்போதும் உன்னை வாழ்த்திக்கொண்டேதான் இருப்போம்.

இதற்கு எனக்குப் பதில் போடாதே. போட்டாலும் நான் பிரிக்க மாட்டேன். அண்ணனுக்குப் போடு. நீளமாக வேண்டாம், "அண்ணே, விட்டுடுங்க" என்று உன் கையால் எழுதினால் போதும், பெரட்டுக்குப் போகிற வழியில் நின்று அதை நானே அவன் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
இராசம்மா